கணக்கில் இல்லை, 'எஞ்சியவை'யில் நின்றாள்

எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மாலையில் என்னிடம் கணக்குப் போட வருவாள். கூடையில் 84 மாம்பழங்கள், 37 விற்றுவிட்டன, எஞ்சியவை எத்தனை என்று ஒரு கணக்கு. பேந்தப் பேந்த விழித்தாள். "சரி, மிச்சம் எவ்வளவு இருக்கும்?" என்றேன். சட்டென்று 47 என்றாள்.

கழித்தல் அவளுக்குத் தெரியும், 'எஞ்சியவை'தான் தெரியாது. வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? ஆனால் கணக்கு வராத பிள்ளை என்று அவளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. மனசு ஆறவில்லை எனக்கு.

நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது வேறொரு தமிழ். 'வந்துக்கிட்டிருக்கான்' என்று கேட்டு வளரும் பிள்ளை, 'வந்துகொண்டிருக்கிறான்' என்பதைக் கதைகளில் முன்பே சந்தித்திருந்தால் பாடப்புத்தகம் பழகிய குரலில் பேசும். இல்லாவிட்டால் பாடத்தோடு மொழியையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ஒளிச்சேர்க்கை, ஆவியாதல் போன்ற சொற்களையாவது ஆசிரியர் நின்று விளக்குவார். அவற்றைச் சுற்றியிருக்கும் 'எனில்', 'இருப்பினும்', 'ஆகவே' எல்லாம்? அவற்றை யாரும் விளக்குவதில்லை. பிள்ளைகள் வழுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

எங்களுடையது கடற்கரை ஊர். கணவாய் என்றால் எங்களுக்குக் குழம்பில் கிடக்கும் கணவாய் மீன்தான். ஆறாம் வகுப்பில் கிளை நூலகத்தில் எடுத்த ஒரு கதையில், குதிரைப்படை கணவாயைக் கடந்தது என்று இருந்தது. ஒன்றும் புரியவில்லை. அப்புறம் இரண்டு பக்கம் தள்ளி, இருபுறமும் மலை, நடுவே ஒடுங்கிய வழி என்று வந்ததும் தானாக விளங்கியது. அகராதியும் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. பின்னால் வரலாற்றில் கைபர் கணவாய் வந்தபோது, அந்தக் குதிரைகள் எனக்கு முன்னால் அங்கே போய் நின்றன. மனப்பாடம் செய்த சொல் தேர்வோடு போய்விடும். கதையில் கிடைத்தது அப்படிப் போவதில்லை.

"படிக்கிற நேரத்தில் என்ன கதைப்புத்தகம்?" என்று கேட்கிற பெற்றோரிடம் எனக்குக் கோபமே வருகிறது. அதுவும் படிப்புதான். வசதி இல்லை என்பதையும் முழுதாக ஏற்க முடியவில்லை. பொது நூலகத்துக்கென்று 1948லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கிளை நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராக்க ஒரு நாள் மாலை போதும். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வந்திருக்கின்றன. பெயர்களே எவ்வளவு அழகு! அவை அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது.

இப்போது கணக்கு நோட்டைத் திறக்கும் முன் பத்து நிமிடம் அந்தப் பெண் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறாள். 'நட' புத்தகங்களில் தொடங்கினோம். திக்கினால் நான் குறுக்கிடுவதில்லை. நேற்று, 'வாசலில் தயங்கினாள்' என்ற வரியில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மேலே நாலு வரி வாசித்துவிட்டு, விரலைத் திரும்ப அந்தச் சொல்லுக்கே கொண்டுவந்தாள்.

"உள்ளே போலாமா வேணாமான்னு நின்னாளா, அக்கா?"