ஏன் என் வயித்துல வச்சாரு?

போன மாதம் ஓர் அடக்க ஆராதனை. குடியிலேயே உடம்பைக் கரைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு மகன். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இவன் இப்படித்தான் போவான்னு ஆண்டவருக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன் என் வயித்துல வச்சாரு?"

நான் வாயைத் திறக்கவில்லை. படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது, ஒன்றும் உதவவில்லை.

கி.பி. 524 வாக்கில் மரண தண்டனையை எதிர்பார்த்துச் சிறையில் இருந்த ரோமானியத் தத்துவஞானி போயத்தியஸ், கடவுள் காலத்துக்கு வெளியே இருந்து எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்கிறார், பார்ப்பதால் எதுவும் நடந்துவிடுவதில்லை என்று எழுதினார். சரிதான். ஆனால் கடவுள் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவர் இல்லையே, படைத்தவரும் அவர்தானே! பிள்ளை கெட்டுப்போகலாம் என்று தெரிந்தும் நாம் பெறுகிறோமே என்பார்கள். கெட்டுப்போகலாம் என்பது வேறு. நித்திய நரகம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் எந்தத் தாய் பெறுவாள்? 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் இதில் மழுப்பவில்லை. சிலருக்கு நித்திய நரகம்தான் என்று கடவுளே ஆணையிட்டார் என்று சொல்லிவிட்டு, அது திகிலூட்டும் ஆணைதான் என்றும் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை மதிக்கிறேன். அந்தக் கடவுளிடம் என்னால் ஜெபிக்க முடியாது.

வேதத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு முகம் உண்டு, இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸ். "அந்த மனுஷன் பிறவாதிருந்தானானால் அவனுக்கு நலமாயிருக்கும்" என்று இயேசுவே சொல்கிறார். சாதாரண வார்த்தை இல்லை அது, மத்தேயு 26:24. அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் யோவான் 13-ஐயும் கூடவே வாசிக்க வேண்டும். காட்டிக்கொடுக்கப்போவது யார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே குனிந்து அவன் கால்களையும் கழுவுகிறார். அதற்குப் பிறகுதான் யூதாஸ் எழுந்து இருட்டுக்குள் போகிறான். கெத்செமனேயில் அவன் முத்தமிட்ட பிறகும் அவனை "சிநேகிதனே" என்றுதான் கூப்பிடுகிறார். முன்னறிவு அவர் அன்பைக் கடுகளவும் குறைக்கவில்லை. அப்படிப்பட்டவர் ஒருவனை எரிப்பதற்கென்றே படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பிரான்சில் வெஸலே பேராலயத்தில் 12-ஆம் நூற்றாண்டுத் தூண் சிற்பம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் தூக்கில் தொங்கும் யூதாஸ். மறுபக்கம் அவன் உடலைத் தோளில் சுமந்துபோகும் ஒருவர். அவர் நல்ல மேய்ப்பனாகிய இயேசுதான் என்று பலர் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவைப் பார்க்கப் போகிறேன்.