கட்டடத்தைவிட வாத்தியார் சம்பளம் முக்கியம்

சிறிய ஊரில் கலை மையம் நடத்த முதலில் சொந்தக் கட்டடம் வேண்டும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். உசிலம்பட்டி பக்கம் ஆறு வருடமாக ஒரு மையம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் வேண்டியது வாத்தியாருக்கு மாதாமாதம் கையில் கொடுக்கும் சம்பளம்.

எங்களுக்கு இருப்பது சந்தைக்குப் பின்னால் ஒரு வாடகை கொட்டகை. அதில் பறையும் ஒயிலாட்டமும் நாடகப் பாட்டும் சொல்லித் தருகிறோம். பங்குனி, சித்திரையில் கோயில் கொடைகளுக்கு வாத்தியார்கள் ராத்திரி ராத்திரியாக ஆடப் போய்விடுவார்கள். அப்போது வகுப்பு வைப்பது வீண். ஐப்பசி, கார்த்திகையில்தான் அவர்களுக்கு வேலை இல்லை, அடுப்பெரியக் காசும் இல்லை. அதனால் எங்கள் வகுப்பு மழைக்காலத்தில்தான் மும்முரமாக நடக்கும். ஈரத்தில் பறைத் தோல் தொய்ந்துவிடும். பிள்ளைகள் வைக்கோலைக் கொளுத்தி, தோலைச் சூடு காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, "ஏறிருச்சுண்ணே" என்பார்கள். அந்தக் காதுதான் முதல் பாடம்.

சந்தையன்று மட்டும் வகுப்பு ஏழு மணிக்கு. பூக்கடை அம்மாக்கள் கூடையைக் காலி செய்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள்.

1918இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியது இதே மதுரையில்தான். அங்கே சிறுவர்களுக்குச் சோறு போட்டுத்தான் நாடகம் சொல்லிக் கொடுத்தார்கள். நாங்களும் சுண்டல் கொடுக்கிறோம். உதவ நினைப்பவர்கள் கல்வெட்டில் பெயர் கேட்காமல், ஒரு வாத்தியாரின் மூன்று மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.