என் முகப்புப் படத்தில் இருக்கும் பெண்

போன ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்று மூன்று நாட்களாக மனதைக் கட்டிப்போட்டிருந்தேன். முடியவில்லை. வந்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். மட்டக்களப்பு சின்ன ஊர்.

"இவ்வளவு சாவைப் பார்த்த மண்ணில் இருந்துகொண்டு, வெள்ளைக்காரனின் ராக்கெட் படத்துக்குக் கண்ணீர் விடுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். முகப்புப் படமாகக்கூட அந்த நடிகையைத்தான் வைத்திருக்கிறார்கள்." பேச்சாளர் சொன்னது இதுதான். கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பெயரைச் சொல்லவில்லையே ரீச்சர், மனதில் வைக்காதீர்கள் என்று தேநீர் நேரத்தில் ஒருவர் சமாதானம் சொன்னார். பெயரைச் சொல்லியிருந்தால் எழுந்து நின்று பதில் சொல்லியிருப்பேன். சொல்லாமல் விட்டதனால், கையில் இருந்த நிகழ்ச்சி நிரலை மடித்து மடித்து விரலளவு ஆக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆம், என் முகப்புப் படத்தில் இருப்பவர் சிகோர்னி வீவர். 1986 இல் வந்த 'ஏலியன்ஸ்' படத்தில் ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ரிப்ளி என்ற பாத்திரம். முகநூலுக்கு வந்த நாளிலிருந்து அதே படம்தான். எனக்கு வயது 44, கணிதம் படிப்பிக்கிறேன், விஞ்ஞானப் புனைகதைப் படங்களின் தீவிர ரசிகை. இந்த மண் சாவைப் பார்த்த மண் என்பதை மறந்து ரசிகை ஆகவில்லை. அதைப் பார்த்ததனால்தான் ஆனேன்.

1990 ஆனி மாதம் எனக்கு ஒன்பது வயது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் வீட்டு நெல் மூட்டைகளுக்குப் பின்னால் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் ஒளிந்திருந்தேன். அவனுக்கு மூன்று வயது. இருமினால் வாயைப் பொத்து என்று அம்மா சொல்லிவிட்டுப் போனார். நெல் சுணை உடம்பெல்லாம் அரித்தது. சொறியவில்லை. அன்று வெளியே என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதன் பிறகு ஆறேழு மாதம் நான் பேசவில்லை. ஊமையாகிவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மூன்று வருடம் கழித்து ஆரையம்பதியில் மாமா வீட்டில் மச்சிக்குச் சாமத்தியச் சடங்கு. மண்முனைத் துறையில் வாவியைக் கடந்து போனோம். அந்தத் துறைக்குப் பாலம் வந்தது 2014 இல்தான். இரவில் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் பாய் விரித்துப் படம் போட்டார்கள். இரண்டு தமிழ்ப் படம் முடிந்து மூன்றாவது கசெட்டைப் போட்டால், உறையில் ஒரு பெயர், உள்ளே வேறு படம். ஆங்கிலப் படம். பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். மாமா மட்டும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதுதான் 'ஏலியன்ஸ்'. அதில் ஒரு சிறுமி வருகிறாள். பெயர் நியூட். வேற்றுக் கிரகக் குடியேற்றம் ஒன்றில் இருந்த எல்லோரும் கொடிய பிராணிகளால் செத்துப்போக, காற்றுக் குழாய்களுக்குள் ஒளிந்து தப்பியவள். முகமெல்லாம் கரி. கையில் ஒரு பொம்மையின் தலை மட்டும். என்ன கேட்டாலும் வாய் திறக்கமாட்டாள். ரிப்ளி அவளுக்குச் சூடாகக் குடிக்கக் கொடுத்து, துணியால் முகத்தைத் துடைக்கிறார். துடைத்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. இனி முழு முகத்தையும் துடைக்கத்தான் வேண்டும் என்பதுபோல் மெதுவாகத் துடைத்துக்கொண்டே பேசுகிறார். இவர்கள் இராணுவத்தினர், உன்னைக் காப்பாற்ற வந்திருக்கிறார்கள் என்கிறார். அதற்கு அந்தப் பிள்ளை ஏதோ சொல்கிறாள். என்ன சொல்கிறாள் மாமா என்று கேட்டேன். மாமா பதில் சொல்லவில்லை. எழுந்து ஜெனரேற்றருக்கு எண்ணெய் பார்க்கப் போய்விட்டார்.

அவர்கள் வந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்றுதான் அவள் சொன்னாள் என்பதை உயர்தரம் படிக்கும்போது திரும்பப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போதுதான் மாமா ஏன் எழுந்து போனார் என்பதும் விளங்கியது.

இதைத்தான் அந்தப் பேச்சாளர் ராக்கெட் படம் என்கிறார். என் ஒன்பது வயதை யாராவது எனக்குத் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள் என்றால், அது அந்தப் படம்தான். நம்முடைய கவிதைகளோ மேடைப் பேச்சுகளோ காட்டவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த எனக்கு முன்னால், கோடு விழுந்து நடுங்கும் திரையில், வாயடைத்துப்போன ஒரு பிள்ளையை ஒரு பெண் விட்டுவிட்டுப் போகாமல் திரும்பி வந்து தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பெண்ணை நான் நேசிக்கிறேன். அந்த வேடத்துக்காக வீவர் ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. நியூட்டாக நடித்த கேரி ஹென் வளர்ந்து ஆசிரியையாகப் போனார். அதை அறிந்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் படம் என்கிறீர்கள். சரி. இந்த வகைப் படங்களில் தலையாயது என்று பலரும் சொல்லும் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' யின் திரைக்கதையை ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து எழுதிய ஆர்தர் சி. கிளார்க் எங்கே வாழ்ந்தார்? 1956 இலிருந்து 2008 இல் இறக்கும்வரை நம்முடைய இலங்கையில். திருகோணமலைக் கடலுக்குள் இறங்கி, கோணேசர் கோயிலின் தூண்களைப் பார்த்து வந்து எழுதியவர். இங்கிருந்து எண்பது மைல் இருக்குமா? தமிழில் என்றால், 1963 இலேயே 'கலை அரசி' யில் எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகத்துக்குப் போய்விட்டார். எங்கள் அப்பாக்கள் அதைப் பார்த்துக் கைதட்டியவர்கள்தான்.

நடிகைதானே, நடித்துச் சம்பளம் வாங்கினார், அதற்கு ஏன் இவ்வளவு என்று நேற்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் விண்கல அதிகாரி உஹுராவாக நடித்த கறுப்பின நடிகை நிஷேல் நிக்கல்ஸ் தொடரை விட்டு விலகப் போனபோது, விலகக் கூடாது என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். பிறகு 1977 இல் நாசா பெண்களையும் கறுப்பினத்தவர்களையும் விண்வெளிக்கு ஆள் சேர்க்க அந்த நடிகையின் உதவியைத்தான் நாடியது. 1992 இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண்ணான மே ஜெமிசன், சின்ன வயதில் தொலைக்காட்சியில் உஹுராவைப் பார்த்து வளர்ந்தவர். நிக்கல்ஸ் 2022 இல் இறந்தபோது நான் அழுதேன். மறைக்கவில்லை, இங்கேயே எழுதினேன். மண்டபத்தில் கேலிக்கு ஆளானது அந்தக் கண்ணீர்தான் என்று நினைக்கிறேன்.

நடிகர்களின் கட்டவுட்டுக்குப் பால் ஊற்றும் பையன்களைப் பற்றி அந்தப் பேச்சாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களையும் பேச வேண்டும் என்று கேட்கவில்லை, அது அவர்களுடைய அன்பு. என் அன்பை மட்டும் ஏன் மேடையில் ஏற்றினீர்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரு பெண், அதுவும் ஆசிரியை, இந்த வயதில் என்பதாலா?

மண்ணின் துயரம் எனக்குத் தெரியாது என்பது போன்ற அந்தத் தொனிதான் தாங்க முடியாமல் இருக்கிறது. என் பெரியம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். காந்திப் பூங்காவில் காணாமல்போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மாரில் அவரும் ஒருவர். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நானும் இருந்திருக்கிறேன். அவருடைய மகனை, என் அண்ணனை, 1990 இல் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது.

பெரியம்மா என் வீட்டில் வந்து நின்ற ஒரு மழை நாளில் 'இன்ரஸ்ரெல்லர்' பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்ன கதை மகள் என்றார். மாமா எனக்குச் சொன்னது போல அவருக்குச் சொன்னேன். ஒரு தகப்பன் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சிலரோடு விண்வெளிக்குப் போகிறார். அவர்கள் போய் இறங்கிய கிரகத்தில் ஒரு மணித்தியாலம் என்றால் இங்கே பூமியில் ஏழு வருடம். சில மணித்தியாலத்தில் திரும்பிவிடுகிறார்கள், ஆனால் இங்கே இருபத்து மூன்று வருடம் போய்விடுகிறது. தகப்பன் கப்பலுக்கு வந்து, பிள்ளைகள் அத்தனை வருடமும் அனுப்பிய செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து அழுகிறார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. இது கணக்கின்படி உண்மைதானா என்று மட்டும் கேட்டார். உண்மைதான் பெரியம்மா, பெரிய விஞ்ஞானி ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துச் செய்த படம் என்றேன்.

கடைசியில் அந்தத் தகப்பன் போனபோது இருந்ததுபோலவே திரும்பி வருகிறார். மகள் கிழவியாகிக் கட்டிலில் கிடக்கிறாள். பெரியம்மா திரைக்குக் கிட்டப் போய் நின்றார்.

"போனவருக்கு வயது போகவில்லை. காத்திருந்தவளுக்குத்தான் வயது போயிருக்கிறது, பார்த்தாயா?" என்றார்.

பிறகு, "அந்த இடத்தை இன்னொரு தடவை போடு மகள்" என்றார்.

மூன்று தடவை போட்டேன்.