டாக்டர் தன்மையாகப் பேசியிருக்கலாமாம்

2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் மகன் டாக்டரைக் கத்தியால் குத்தியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று கல்யாணப் பந்தியில் என் சித்தப்பாவே கேட்டுவிட்டார்: “டாக்டர் தன்மையா பேசியிருந்தா அவன் ஏன் கத்திய எடுக்கப்போறான்?” அப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புற்றுநோய் ஓ.பி.யில் (புறநோயாளிகள் பிரிவில்), நோயாளி பார்க்கும் அறையிலேயே ஒரு மனிதரைக் குத்தியிருக்கிறான். குத்துப்பட்டவர் என்ன பேசினார் என்றா முதலில் விசாரிப்பது?

தன்மையாகப் பேச நேரம் வேண்டும். நேரம் வேண்டுமென்றால் ஆள் வேண்டும். ஆள் போடுங்கள் என்றுதான் அரசு டாக்டர்கள் நாங்கள் இத்தனை வருஷமாகக் கேட்கிறோம். 2019 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்தபோது எல்லோருக்கும் சம்பளக் கோரிக்கை மட்டும்தான் காதில் விழுந்தது. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப டாக்டர்களைப் போடுங்கள் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. பதிலுக்கு வந்தது டிரான்ஸ்ஃபர் ஆர்டர். என் கூட வேலை பார்த்த அக்கா கைக்குழந்தையோடு பெட்டி கட்டினார். உயர்நீதிமன்றம் போய், 2020 பிப்ரவரியில்தான் அந்த ஆர்டர்கள் ரத்தாயின.

“ஸ்டிரைக்கில் ஏழைதானே பாதிக்கப்பட்டான்?” அவசர சிகிச்சையை நாங்கள் நிறுத்தவில்லை. ஓ.பி.க்கு வந்து திரும்பிப் போனவர்கள் உண்டு, மறுக்கவில்லை. “சாயங்காலம் கிளினிக் வைத்துச் சம்பாதிக்கிறீர்களே?” சிலர் வைக்கிறார்கள். அதற்காகக் குத்தலாமா?

நானும் கத்தியிருக்கிறேன். ஒரு நைட் டூட்டியில் ஒரு பெரியவர் வந்து, “என் பொண்ணுக்கு என்னன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா” என்று கையைப் பிடித்தார். அந்த நேரத்தில் வேறொருவரின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தேன். “வெளியே போய் நில்லுங்க!” என்று கத்தினேன். அவருடைய பெண் பிழைத்துவிட்டாள். ஆனால் விடியும்வரை அவரிடம் போய்ப் பேச எனக்கு ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை. அவருக்கு என் மேல்தான் கோபம் வரும். என் பக்கத்தில் இன்னொரு டாக்டரைப் போடாதவர்கள் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

கிண்டிக்குப் பிறகு, நோயாளியோடு கூட வருகிறவர்களுக்குக் கையில் கலர் பட்டை என்றார்கள், போலீஸ் என்றார்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கை வைத்தால் எளிதில் ஜாமீன் கிடைக்காது என்று 2008-லேயே சட்டம் போட்டாயிற்று. அந்தச் சட்டம் இருக்கும்போதுதான் கிண்டி நடந்தது. ஆள் போடுங்கள் சார். எனக்காக வேண்டாம், அந்தப் பெரியவரிடம் பேசுவதற்காவது போடுங்கள்.

நாளைக்கு எனக்கு நைட் டூட்டி. கேஷுவாலிட்டிக்குப் பின்பக்கம் வாசல் இருக்கிறதா என்று அம்மா இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்டுவிட்டார்.