போர்ட்டா பள்ளி: நீட்சேவோடு நின்றுவிட்ட அறிமுகம்

ஜெர்மனியின் நௌம்பர்க் நகருக்கு அருகேயுள்ள போர்ட்டா பள்ளியைப் பற்றிப் படங்களுடன் வந்த கட்டுரையொன்றைப் படித்தேன். அப்பள்ளியை, 1858இல் ஜெர்மன் மெய்யியலாளர் நீட்சே உதவித்தொகையில் சேர்ந்த இடம் என்ற அளவிலேயே கட்டுரையாளர் அறிமுகம் செய்திருப்பது சற்று ஏமாற்றமளிக்கிறது. சிஸ்டர்சியன் என்னும் கத்தோலிக்கப் பிரிவுத் துறவியரின் மடமாக இருந்து, சமயச் சீர்திருத்தக் காலத்தில் கலைக்கப்பட்ட அவ்வளாகம், 1543இல் சாக்சனிக் கோமகன் மோரிட்ஸின் ஆணையால் உறைவிடப் பள்ளியாயிற்று. துறவியர் வெட்டிய சிறிய சாலே என்னும் கால்வாய் இன்றும் மரநிழலில் மெல்ல ஓடிக்கொண்டிருக்கிறது. ஒடுங்கி உயர்ந்த தேவாலய முகப்பும் அப்படியே நிற்கிறது. இவ்வழகையெல்லாம் படங்களில் காட்டியவர், 1935இல் நாஜி அரசு அதைத் தன் கொள்கையை ஊட்டும் பயிற்சிக்கூடமாக மாற்றியதை ஒரு வரியிலும் தொடவில்லை, அதுதான் என் முதன்மையான குறை. இப்போது மாநில அரசின் பொறுப்பிலுள்ள இப்பள்ளியில், விடுதியில் தங்கும் மாணவரும் மாணவியரும் மொழி, இசை, இயற்கை அறிவியல் ஆகியவற்றுள் ஒன்றைச் சிறப்புப் பாடமாகப் பயில்கின்றனர்.