முதுகைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை

“பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?”

நேற்று இன்னொரு டாக்டரும் இதைச் சொல்லிவிட்டார். ஒன்பது வருஷமாக விடாத முதுகுவலிக்கு நான் பார்த்த ஆறாவது ஆள் இவர். இன்னொரு முறை இந்த வார்த்தை காதில் விழுந்தால் அங்கேயே கத்திவிடுவேன் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, மருந்துக்கடை வரிசையில் நின்று அழுதேன்.

நான் நல்லா இருக்கிறேனா என்று தெரிய வேண்டுமானால் காலை ஐந்தரைக்கு வந்து பார்க்க வேண்டும். கட்டிலிலிருந்து நேராக எழுந்திருக்கவே முடியாது. முதலில் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையை மெத்தையில் ஊன்றி, மறு கையால் பீரோ கைப்பிடியைப் பிடித்து இழுத்துத்தான் எழுவேன். இழுத்து இழுத்து அந்தக் கைப்பிடி ஆடிப்போய், இரண்டு முறை திருகாணி மாற்றியாகிவிட்டது. பாத்ரூம் வரை சுவர்தான் துணை. பால் காய்ச்சி, பையனுக்கு டிபன் டப்பா கட்டி, அங்கும் இங்கும் நடந்து, ஏழு மணி ஆகும்போதுதான் இடுப்பு என் சொல் கேட்க ஆரம்பிக்கும். டாக்டர் என்னைப் பார்த்தது மதியம் ஒன்றே முக்காலுக்கு. அதற்குள் தலைவாரி, புடவை கட்டி, மனுஷியாக வந்து உட்கார்ந்திருந்தேன். அழுக்கு நைட்டியோடு முனகிக்கொண்டே வந்திருந்தால் நம்பியிருப்பாரோ?

கரூரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போனோம். எனக்கு லீவு போட்டால் சம்பளம் கட். என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். டோக்கன் எண் 47. பத்தே முக்காலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தால்தான் வலி ஏறும், எழுந்து நடந்தால் குறையும். ஆனால் எழுந்து நடந்தால் சிஸ்டர், “உட்காருங்கம்மா, வழியில நிக்காதீங்க” என்கிறார். சரி என்று உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம்.

உள்ளே போனதும் எம்ஆர்ஐ கவரை நீட்டினேன். படத்தை அவர் வெளியே எடுக்கவே இல்லை. ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் பார்த்தார். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று சொல்கிற வரி.

“மைல்ட் டிஸ்க் பல்ஜ்தான். எத்தனை குழந்தை?”

“ஒரு பையன் சார்.”

“சிசேரியனா?”

“ஆமா சார்.”

“அதான்.”

அவ்வளவுதான். “அதான்” என்ற ஒரே வார்த்தையில் என் ஒன்பது வருஷத்துக்குத் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. சிசேரியனுக்குப் போட்ட முதுகு ஊசியால் ஆயுசுக்கும் வலி வரும் என்று ஊரில் எல்லோரும் சொல்லுவார்கள். ஊர் சொல்லட்டும். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், ஆயுசு முழுக்க வலிக்க அது காரணமில்லை என்று ஆராய்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். படித்த டாக்டருக்கு அது தெரிய வேண்டாமா? அதையும் விடுங்கள். என் பையனுக்கு ஏழு வயது. என் வலிக்கு ஒன்பது வயது. பிரசவத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் ஆரம்பித்த வலி பிரசவத்தால் எப்படி வரும்? “வலி எப்போ ஆரம்பிச்சது?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த “அதான்” வாயில் வந்தே இருக்காது. நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பேனா ஓட ஆரம்பித்துவிட்டது. வலி மாத்திரை, கேஸ் மாத்திரை, கால்சியம், வைட்டமின் டி. நான் உட்கார்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

விடக்கூடாது என்று நானே சொன்னேன். “சார், படுத்தாத்தான் வலி அதிகமா இருக்கு. ராத்திரி மூணு மணிக்கு எழுப்பி விட்டுடுது. நடந்தா குறையுது. காலையில ஒரு மணி நேரம் இடுப்பு இறுகிப்போய் இருக்கு. இதுக்குன்னு ரத்த டெஸ்ட் ஏதாவது இருக்கா சார்?”

நிமிர்ந்து பார்த்தார். “கூகுள் பார்த்துட்டு வந்தீங்களா?”

அப்புறம் என் பக்கமே திரும்பவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து, “சார், வீட்ல மேடத்துக்கு ஏதாவது டென்ஷனா?” என்று கேட்டார். நான் அந்த அறையில் இல்லாத மாதிரி. என் முதுகைப் பற்றிய கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டுமாம்.

பாவம் அவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். “இல்ல சார், நிஜமாவே ராத்திரி மூணு மணிக்கு எழுந்து ஹால்ல நடக்கிறா. நான் பார்க்கிறேன்” என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்படியா? தினமும் எழுந்திருக்காங்களா?” என்றார்.

என்னால் தாங்க முடியாதது இதுதான். அதே மூணு மணி, அதே நடை. ஒரு நிமிஷம் முன்னால் என் வாயிலிருந்து வந்தபோது கூகுள். அவர் வாயிலிருந்து வந்தபோது தகவல். என் உடம்புக்கு இன்னொருத்தர் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. சரி, இப்போதாவது கேட்டாரே, எழுந்து வந்து பார்ப்பார் என்று காத்திருந்தேன். “தூக்கத்துக்கு ஒண்ணு எழுதறேன்” என்று சீட்டில் இன்னொரு வரி சேர்த்தார். வலி எழுப்பி விடுகிறது என்கிறேன், தூங்க மாத்திரை கொடுக்கிறார்! அப்போதுதான் அந்த “பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க”. மணி அடித்துவிட்டார். டோக்கன் 48 உள்ளே வந்துவிட்டது. 600 ரூபாய் ஃபீஸ், நாலு நிமிஷம்.

எழுந்திருக்கச் சொல்லவில்லை, குனியச் சொல்லவில்லை, முதுகில் ஒரு விரல் வைக்கவில்லை. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஒரு பெட்ஷீட்டில் இழை போயிருக்கிறதா என்று டேபிளில் விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, சந்தேகம் வந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். பார்க்காமல் பாஸ் போட்டால் என் வேலை போய்விடும். ஒரு பெட்ஷீட்டுக்கு நான் கொடுக்கிற கவனம் என் முதுகுக்குக் கிடைக்கவில்லை.

ஆமாம், படித்துவிட்டுத்தான் போனேன். ராத்திரி தூக்கம் இல்லாதவளுக்குப் படிக்க நேரம் நிறைய இருக்கிறது. நான் சொன்னது எதுவும் நானாகக் கட்டியது இல்லை. 45 வயதுக்குள் மெல்ல மெல்ல ஆரம்பித்து, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, ஓய்வில் கூடி, அசைந்தால் குறைந்து, பின்னிரவில் எழுப்பி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிற முதுகுவலி தனி ரகம். மூட்டுகளில் அழற்சியால் வருகிற வலியா என்று சந்தேகப்படச் சொல்லி மருத்துவப் புத்தகமே சொல்கிறது. முதுகெலும்பு மூட்டுகளைப் பிடிக்கிற ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற நோய் அந்த வகைதான். எக்ஸ்ரேயில் வருஷக்கணக்காக ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு இருக்கிறதா என்று பார்க்க எச்எல்ஏ-பி27 என்று ரத்தப் பரிசோதனை இருக்கிறது, முதுகுத்தண்டு இடுப்பெலும்போடு சேருகிற மூட்டுக்கென்று தனியாக எம்ஆர்ஐ இருக்கிறது. ஆம்பளைங்களுக்கு வருகிற நோய் என்று வெகுகாலம் நினைத்திருந்ததால் பெண்களுக்கு இதைக் கண்டுபிடிக்க இன்னும் தாமதமாகிறது. எனக்கு அதுதான் என்று நான் சொல்லவே இல்லை. இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள் என்றுதான் கேட்டேன். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இந்த மாதிரி மூட்டு நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. “அங்கே போய் ஒரு தடவை காட்டிடுங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கலாமே, யார் குடி முழுகிப்போயிருக்கும்?

அந்த டிஸ்க் பல்ஜ் இருக்கிறதே, அதை வைத்து ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ஒருத்தர் ஆபரேஷன் என்று பயமுறுத்தினார். நேற்றைக்கு இவர் ஒன்றுமே இல்லை என்கிறார். 2015-ல் வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு பல்ஜ். 40 வயதில் பாதிப் பேருக்கு. அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு வலி இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நோயாளியைக் கேட்டால்தான் தெரியும்.

இதற்கு முன்னால் பார்த்தவர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? பெல்ட் போடச் சொன்னார் ஒருத்தர், எட்டு மாதம் போட்டேன். பத்து நாள் டிராக்‌ஷன் என்று இடுப்பில் எடை கட்டி இழுத்தார்கள். நீண்டகால இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று போட்டிருக்கிற பட்டியலில் இந்த இரண்டுமே இருக்கின்றன. இரண்டு வாரம் பெட் ரெஸ்ட் என்றார் இன்னொருத்தர். அந்த இரண்டு வாரம் மாதிரி நான் என்றைக்கும் வேதனைப்பட்டதில்லை. படுத்தால் கூடுகிறது என்று சொன்னவளைப் படுக்க வைத்தார்கள். உடம்பைக் குறைங்க என்றார் ஒருத்தர், அப்போது என் எடை 54 கிலோ.

கூட்டம் அதிகம், நேரம் இல்லை என்பார்கள். கூட்டம் எனக்கும் தெரியும், அந்தக் கூட்டத்தில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். “படுத்தா வலிக்குதா, நடந்தா வலிக்குதா?” என்று கேட்க எத்தனை நொடி ஆகும்? 2020 கணக்குப்படி உலகத்தில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி. யாரும் கேள்விப்படாத அபூர்வ நோயைச் சொல்லிக்கொண்டு நான் போகவில்லை. எனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று வலியை ஆராய்கிற சர்வதேசச் சங்கமே அதே 2020-ல் எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைக்கிற அளவுக்கு அது மதிக்கப்படாமல் இருந்திருக்கிறது பாருங்கள்.

இன்னொன்று. அந்த மருந்துக்கடையில் வலி மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி ஐந்து கொடுத்தார்கள். பெயரும் காலாவதி தேதியும் இருக்கிற பாதி கடையிலேயே தங்கிவிட்டது. கேட்டால், “நல்ல மாத்திரைதான் மேடம், பயப்படாதீங்க” என்கிறார் அந்தப் பையன். ஏன், அந்தப் பாதியை வாங்குகிறவர்களுக்குக் கொடுத்தால் என்ன? அல்லது ஒரு சீட்டில் எழுதித்தான் கொடுத்தால் என்ன? எதை விழுங்குகிறோம் என்று தெரிந்துகொள்ளக்கூட நமக்கு உரிமை இல்லையா?

சமையல் மேடையில் போனை வைத்து நின்றுகொண்டே இதை டைப் செய்கிறேன். அந்த ஐந்து மாத்திரையும் இங்கேயேதான் இருக்கிறது, பின்பக்கம் வெறும் வெள்ளித்தாள். மணி மூன்றே கால்.