சங்க காலத்தில் காதலுக்குத் தடையே இல்லையா?

'சங்க காலத்தில் காதலை யாருமே எதிர்க்கவில்லை. எல்லாத் தடையும் பின்னால் வந்தவை' என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சான்றாகக் குறுந்தொகை 40-ஆம் பாடல், 'யாயும் ஞாயும் யாராகியரோ', அதாவது என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யாரோ. பாடல் உண்மைதான். முடிவுதான் தவறு.

நற்றிணை 149-ஐப் பாருங்கள். தெருப் பெண்கள் கடைக்கண்ணால் பார்த்து, மூக்கின் நுனியில் சுட்டுவிரலை வைத்துக்கொண்டு கிசுகிசுக்கிறார்கள். அது தாய் காதுக்கு எட்டிவிட, அவள் சிறு கோலை எடுத்து மகளை அடிக்கிறாள். சரி, அப்புறம் என்ன வழி? நள்ளிரவில் காதலனோடு கிளம்பிவிடுவதுதான். 'அலர் சுமந்து ஒழிக இவ் அழுங்கல் ஊரே', அதாவது இந்த ஊர் பழி பேசிக்கொண்டே கிடக்கட்டும் என்று பாட்டு முடிகிறது. உலோச்சனார் எழுதியது. மூக்கில் விரல் வைக்கும் பழக்கம் இன்றும் நம் தெருவில் இருக்கிறதே!

எதிர்ப்பே இல்லையென்றால் மகளை வீட்டுக்குள் அடைக்கும் இற்செறிப்பு எதற்கு? காதலியை அடைய முடியாதவன் பனைமடலில் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடித் தெருவில் வரும் மடலேறுதல் எதற்கு? காதலனோடு வீட்டைவிட்டுப் போகும் உடன்போக்குக்கென்று பாடல்களில் ஒரு தனித் துறையே எதற்கு?

ஆனால் மறுபக்கமும் உண்டு. பெண்ணைக் கொடுப்போர் இல்லாமலும் திருமணம் நடக்கலாம் என்கிறது தொல்காப்பியம். கலித்தொகை 9-இல் காதலனோடு போய்விட்ட மகளைத் தேடி வரும் செவிலித்தாயிடம், வழியில் வந்த அந்தணர்கள், 'சந்தனம் மலையில் பிறந்தாலும் பூசுபவருக்குத்தானே பயன்?' என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள்.